எல்லைக்கோட்டின் மேல் ஒரு தடம்

நான் பிறந்த ஊருக்கும் வாழ்க்கைப்பட்ட ஊருக்கும் நடுவில் ஒரு மேய்ச்சல் புறம்போக்கு மட்டும்தான். தாடிக்கொம்பு ரோட்டிலிருந்து இறங்கி நடந்தால் அரை மணி நேரத்தில் அம்மா வீடு. இந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் என் மாமனார். அந்த ஊர்த் தலைவர் என் அப்பா. அறுபதுகளின் தொடக்கம் அது. இரண்டு பஞ்சாயத்தும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே திட்டமாக எழுதிக் கொடுத்தால்தான் மரக்கன்று தருவோம், மாடு குடிக்கும் குட்டையைத் தூர்வார உதவுவோம் என்று யூனியன் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மேய்ந்து மேய்ந்து அந்த நிலம் கட்டாந்தரையாகக் கிடந்தது. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை.

கூட்டம் எங்கள் வீட்டு முன்கட்டில் நடந்தது. எனக்கு அப்போது ஐந்து மாசம். காபித் தம்ளர்களை நீட்டியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கிழக்குப் பாதியில் எங்கள் ஊர் வேம்பும் புங்கையும் நடும். மேற்குப் பாதியில் அப்பா ஊர் புல் வளர விடும். இரண்டு வருஷம் மாடு நுழையாமல் அவரவர் பாதியை அவரவர் முள்ளடைத்துக் காக்க வேண்டும். அப்பா எது சொன்னாலும், “சம்பந்தி சொன்னாச் சரிதேன்” என்றார் மாமா. மாமா எது சொன்னாலும், “அம்புட்டுத்தேன், எழுதுங்க” என்றார் அப்பா. எங்கள் பக்கம் சம்பந்திகள் கூடினால் இந்தக் கூத்துதான். ஒருவரிடம் ஒருவர் வாய்விட்டு ஒன்று கேட்டுவிட்டால் கௌரவம் போய்விடும்.

குட்டை இருப்பது தென்கோடியில். வடக்கே ரோட்டிலிருந்து அதற்கு மாடுகளும், அதன் கரையைச் சுற்றி அப்பா ஊருக்கு வண்டிகளும் போகிற தடம் சரியாக இரண்டு ஊர் எல்லைக்கோட்டின் மேலேயே போகிறது. அதற்கு யார் பாதியில் இடம் விடுவது என்று ஒருவரும் பேசவில்லை. கணக்கப்பிள்ளை தீர்மானத்தை எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மாமா அத்தையிடம் சொன்னார்: “தடத்துக்கு அவுக பக்கம் விட்டுருவாக. அதைப் போயிச் சம்பந்திகிட்ட கேக்க முடியுமா?” அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்கப் போனேன். அப்பாவும் அதையேதான் சொன்னார்: “தடத்தை ஒங்க மாமா ஒதுக்கிருவாரு. பொண்ணு குடுத்த எடத்துல நான் அதைக் கேக்கவா?”

இரண்டு பேச்சையும் கேட்டவள் நான் ஒருத்திதான். ஆனால் இந்த வீட்டுப் பேச்சை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகிறவள் என்று ஒருதடவை பேர் வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் போகாது. என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். “பெரியவுக விசயம். நீ சும்மா இரு” என்றார். சும்மா இருந்தேன், சோறு இறங்காமல். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டால் ஏழாம் மாசம் எனக்கு யார் வளையல் போடுவார்கள்? தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போக அப்பா இந்த வாசலை மிதிப்பாரா? வேலிக்கு முள் ஏற்றிய வண்டி தெருவில் போகும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொள்வேன்.

ஒரே வாரத்தில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வேலி வந்து கோட்டில் முட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் இரண்டு ஊர் மாடுகளும் ரோட்டோரம் தண்ணீருக்குக் கத்துகின்றன என்றார்கள். கம்பு தூக்கிவிட்டார்கள் என்றார்கள். அத்தை கூப்பிடக் கூப்பிட நடந்தேன்.

மாமாவும் அப்பாவும் எதிரெதிரே நின்றிருந்தார்கள். சம்பந்தி என்ற சொல்லையே காணோம்.

“ஒங்க ஊருதேன் விட்டுருக்கணும்.”

“ஏன், ஒங்க ஊரு விட்டா ஆகாதோ?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. வேலி கூடிய இடத்தில் கிழக்குப் பக்கம் ஒரு முள்ளுக்கட்டை இழுத்தேன், மேற்குப் பக்கம் ஒன்றை இழுத்தேன். இரண்டாவதை இழுக்கும்போது குதிகாலில் முள் ஏறி, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கூச்சல் அடங்கியது. அப்பா குனிந்து என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். மாமா துண்டை விரித்து என் தலைக்கு மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பைய எடுங்க சம்பந்தி. புள்ளைக்கு வலிக்கப் போவுது” என்றார். அப்புறம் ஆட்களைப் பார்த்து, “என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கிறீக? பிரிச்சு விடுங்க, மாடு தண்ணி குடிக்கட்டும்” என்றார்.

மறு கூட்டமும் எங்கள் வீட்டில்தான். தடம் எட்டடி, ஊருக்கு நாலடி என்று கணக்கப்பிள்ளை எழுதினார். மறுபடியும் அதே தலையாட்டல். காபித் தட்டோடு நிலைப்படியில் நின்றவள் வாயைத் திறந்துவிட்டேன்.

“எட்டடி பத்தாது மாமா. வண்டி போனா எதிர்க்க வார மாடு எங்கிட்டு ஒதுங்கும்?”

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். முதலில் யார் சொல்வது என்கிற மரியாதை அப்போதும் விடவில்லை. கடைசியில் மாமாதான், “ஆளுக்கு ஆறடின்னு போடுங்க” என்றார். கணக்கப்பிள்ளை எட்டை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார்.

ஏழாம் மாசம் கை நிறைய வளையலோடு அந்தத் தடத்தில்தான் அம்மா வீட்டுக்கு வண்டியில் போனேன். அப்பா ஓட்டினார். பாதி வழியில் தண்ணீர் குடித்துத் திரும்பிய மாடுகள் எதிரே வந்தன. அப்பா வண்டியை நிறுத்தவில்லை. அவை ஒதுங்கி நிற்க இடம் இருந்தது.