பெனிஷா பிந்தி வைத்த அடி

பெனிஷாவுக்கு முப்பத்தாறு வயது. பிறந்தது நாசரேத்தில். தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடும் வேலை. அவள் மேசைக்கு முன்னால் எந்த லாரி டிரைவரும் வரிசையை மீற மாட்டான். அவள் கோபம் அப்படி. கணவன் டேவிட்சன் கப்பலில் சமையல்காரன், வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெனிஷா டிரம்ஸ் வாசிப்பாள். அது போக, சிவப்பிரகாஷின் இசைக்குழுவிலும் வாசித்தாள். கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா, ஜவுளிக்கடை திறப்பு என்று மாதம் நான்கைந்து மேடை கிடைக்கும்.

நான்கு வருடங்களுக்கு முன் டேவிட்சன் விடுமுறையில் வந்தபோது ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தான். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரன் கொடுத்தது. உள்ளே முழுக்க நியோ சோல் எனப்படும், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நிதானமான பாட்டுகள். முதல் பாட்டைக் கேட்டதும், டிரம்ஸ்காரன் அரைத்தூக்கத்தில் வாசிக்கிறான் என்று நினைத்து அணைத்துவிட்டாள். மறுநாள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது டேவிட்சன் மறுபடி போட்டான். மூன்றாவது பாட்டு ஓடும்போது, செதிலும் கையுமாக நின்ற தன் கழுத்து தானாக ஆடுவதை அவளே கவனித்தாள்.

அந்த டிரம்ஸில் உருட்டல் இல்லை, வேகம் இல்லை. நான்கு நிமிடமும் ஒரே நடை. ஹைஹேட் எனும் ஜோடித் தட்டு நேராகப் போனது. முன்னால் இருக்கும் சின்ன டிரம்மான ஸ்னேரின் அடி மட்டும் விழவேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அதே மயிரிழை. அந்த இடைவெளியில்தான் பாடுகிறவள் சாய்ந்து உட்கார்ந்து பாடினாள். இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவே, உற்றுக் கேட்டால் மட்டும் காதில் விழுகிற சின்னச் சின்னத் தட்டல்களும் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டால் பாட்டு எலும்பாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

அதைக் கைக்குக் கொண்டுவர ஒன்றரை வருடம் ஆனது. வேகமாக அடிப்பது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கை முந்தத்தான் துடிக்கும், அதைப் பிடித்து வைக்க வேண்டும். பிடித்து வைத்ததும் தெரியக்கூடாது.

கல்யாண வீடுகளில் இதற்கு மரியாதை கிடைக்கவில்லை. ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கே ஏறி வந்தார்.

"கொஞ்சம் உருட்டி அடிம்மா. எழவு வீடு மாரி இருக்கு."

பெனிஷா குச்சிகளை ஸ்னேர் மேல் வைத்தாள். "நீங்க வந்து உக்காருங்க மாமா. நான் எறங்குதேன்."

சிவப்பிரகாஷ் ஓடிவந்து அவரைக் கும்பிட்டுக் கீழே அனுப்பினான். பாஸ் கிட்டார் வாசிக்கும் மெல்வின் மட்டும் சிரித்தான். குழுவில் அவள் வாசிப்பைப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். "நீ பின்னால நில்லு, நான் ஒம்மேல சாஞ்சுக்கிடுதேன்" என்பான்.

போன வருடம் சிவப்பிரகாஷ் சொந்தமாக ஒரு பாட்டு எழுதினான். ஷிப்டு முடிந்து முத்தையாபுரம் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிற ஒருவனின் பாட்டு. நிதானமான நடை. அதைக் கேட்டதுமே ஸ்னேர் எங்கே விழவேண்டும் என்று பெனிஷாவுக்குத் தெரிந்துவிட்டது. முத்துச்செல்வம் என்பவனின் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். மூன்றாவது தடவை எல்லாம் கூடிவந்தது. வாசித்து முடித்தபிறகு மெல்வின் கொஞ்ச நேரம் கிட்டாரைக் கழற்றவே இல்லை. வீடியோவும் அதே வாசிப்பின்போதுதான் எடுக்கப்பட்டது.

மூன்று வாரம் கழித்துப் பாட்டு இணையத்தில் வெளிவந்தது. மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து மேசை செல்வலட்சுமி செல்போனை நீட்டினாள்.

"ஏளா, எவ்வளவு பேரு பாத்திருக்கான் பாரு."

பெனிஷா பார்த்தாள். திரையில் அவள் கை இறங்கிக்கொண்டிருந்தது. குச்சி தோலைத் தொடும் முன்பே சத்தம் வந்துவிட்டது. அடுத்த அடியும் அப்படியே. இடையில் அவளுடைய இடது கை சின்னத் தட்டல்களைப் போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சத்தமும் இல்லை. கை வெறுமனே ஆடியது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் செல்வலட்சுமி.

"இது நான் அடிச்சது இல்ல."

கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்தாள். 'அக்கா டம்மி.' 'யாரோ அடிச்சதுக்கு இந்தம்மா கைய ஆட்டுது.' 'பொம்பளைய உக்கார வச்சா வியூ வரும்னு வச்சிருக்கானுவ.' சோறு பாதி அப்படியே இருந்தது. டப்பாவை மூடினாள்.

அன்று மாலை கப்பலிலிருந்து டேவிட்சன் பேசினான். எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு பாட்டுதானே, விடேன்" என்றான். பெனிஷா போனைத் துண்டித்தாள். நான்கு நாள் அவனுடன் பேசவில்லை.

சனிக்கிழமை மதியம் நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள். முத்துச்செல்வம் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"யாரு தம்பி ஒன்ன கை வைக்கச் சொன்னா?"

"காதுல ஓடவிடுத தாளக் கிளிக்குக்கு லேட்டா இருந்துச்சுக்கா. எல்லாருக்கும் செய்யிததுதான். கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு அடியா இழுத்துத் தாளக் கோட்டுல வச்சிட்டேன்."

"நடுவுல சின்னச் சின்னதா அடிச்சேனே, அது?"

"அது மைக்குல வந்த எரைச்சல்னு நெனச்சித் தொடச்சிட்டேன்."

ஒன்றரை வருட உழைப்பை ஒருவன் தூசி மாதிரித் துடைத்துவிட்டு, உதவி செய்ததாக நினைத்துக்கொண்டு எதிரே நிற்கிறான்.

"நான் வாசிச்சது இருக்கா, அதையும் தொடச்சிட்டியா?"

"இருக்கு."

"எடு. எவ்வளவு லேட்டுன்னு அள."

அவன் திரையைப் பெரிதாக்கி அளந்தான். முதல் ஸ்னேர் அடி கோட்டுக்கு இருபத்தெட்டு மில்லி செகண்டு பின்னால். அடுத்தது இருபத்தொன்பது. அதற்கடுத்தது மறுபடி இருபத்தெட்டு. அவள் நிறுத்தவிடவில்லை. இரண்டாம் சரணத்தில், பஸ் வராது என்று அந்த ஆளுக்குத் தெரிகிற இடத்தில், முப்பத்தாறுக்குப் போனது. பல்லவி திரும்பியதும் பழையபடி இருபத்தெட்டு.

"தெரியாம லேட்டா அடிக்கவ இப்பிடி ஒரே அளவுலயா லேட்டா அடிப்பா?"

முத்துச்செல்வம் இன்னொரு தடவை அளந்து பார்த்தான். "சரிதான்க்கா. ஆனா இது யாருக்குத் தெரியப்போவுது?"

"தெரியாமத்தான் அத்தன பேரு என்னைய டம்மிங்கானா?"

அவள் கேட்டதும் அந்தப் பழைய பதிவை அவன் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

அங்கிருந்தே சிவப்பிரகாஷுக்குப் போன் செய்தாள். பாட்டை மாற்றிப் போடச் சொன்னாள். முடியாவிட்டால் தன் பெயரையாவது எடுக்கச் சொன்னாள்.

"ஓடுத பாட்டை எறக்கச் சொல்லுதியே" என்றான் அவன். "ரெண்டு காலேஜ்ல கூப்பிட்டிருக்கான். பொண்ணு டிரம்ஸ் அடிக்கிதுன்னுதான் பாதிப் பேரு பாக்கான். அதுக்குச் சந்தோசப்படுவியா, சண்டைக்கு வாரியே."

"அப்ப என் மூஞ்சி வேணும். என் அடி வேண்டாம்."

"நான் அப்பிடிச் சொல்லல."

"நீங்க அப்பிடித்தான்ணே சொன்னீங்க."

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சிவப்பிரகாஷ் வீட்டுக்குப் போய், அங்கே கிடந்த தன் சிம்பல் தட்டுகள் மூன்றையும் எடுத்துக்கொண்டாள். அவன் மனைவி காப்பி குடிக்கச் சொன்னாள். பெனிஷா குடிக்கவில்லை. பிறகு வீடு வந்து சேரும்வரை, அந்த அம்மாளிடம் எதற்கு முகத்தைக் காட்டினோம் என்று தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

மெல்வின் குழுவில் தொடர்ந்தான். அவனுக்கு அந்த மேடைகள் தேவைப்பட்டன. அதற்காகவும் அவளுக்குக் கோபம் இருந்தது, ஆனால் சொல்லவில்லை. ஆனால் பழைய பதிவை அவளிடம் வாங்கி, அதே வீடியோவோடு சேர்த்துத் தன் பக்கத்தில் போட்டதும் அவன்தான். அதில் குச்சியும் சத்தமும் ஒன்றாக இறங்கின. இடது கை ஆடும்போதெல்லாம் அந்தச் சின்னத் தட்டல்கள் கேட்டன. முந்நூறு பேர் பார்த்தார்கள். ஒருவன், 'டிரம்ஸ் கொஞ்சம் லேட்டா இருக்கே' என்று எழுதியிருந்தான். பெனிஷா அன்றுதான் முதல்முறையாகப் பதில் எழுதினாள்: 'லேட்டு இல்ல தம்பி. அங்கனதான் வச்சேன்.' மறுநாள் அவன், 'ஹெட்போன்ல கேட்டேன், புரியுது' என்று எழுதினான். சிவப்பிரகாஷின் பாட்டை அதற்குள் ஒரு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதில் அவள் கை இன்னமும் ஊமையாகத்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. பெயரும் அப்படியே இருக்கிறது.

இந்த வருடத் தொடக்கத்தில் முத்துச்செல்வம் போன் செய்தான். கீழவைப்பாரிலிருந்து பிளாரன்ஸ் என்று ஒரு பெண் நான்கு பாட்டுகளோடு வந்திருக்கிறாள், டிரம்ஸுக்கு வர முடியுமா என்று கேட்டான்.

"மிக்ஸ் பண்ணும்போது நான் பக்கத்துல உக்காருவேன்" என்றாள் பெனிஷா.

"வேண்டாம்க்கா, வேல நடக்காது."

"அப்ப வேற ஆளப் பாரு."

இரண்டு நாள் கழித்து அவனே மறுபடி கூப்பிட்டான். வாசித்தது ஒரு நாள். சண்டை போட்டது மூன்று சனிக்கிழமைகள். ஒரு பாட்டில் ஸ்னேர் உண்மையிலேயே தவறி முந்தியிருந்தது. அதை அவன் சுட்டிக்காட்டியபோது ஒத்துக்கொண்டு, அந்தப் பகுதியை மறுபடி வாசித்தாள். மற்றபடி ஓர் அடியைக்கூட நகர்த்த விடவில்லை. கடைசிச் சனிக்கிழமை தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினாள். திங்கட்கிழமை யார்டில் லாரி டிரைவர்களிடம் கையைக் காட்டித்தான் பேச வேண்டியிருந்தது.