ஆம்பூரில் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள்

ஆம்பூரில் பிரியாணி தவிர வேறென்ன இருக்கிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் முதன்முதலில் அங்கே போனது எழுபத்தொன்பதில், கல்யாணமாகி மூன்றாவது வாரம். இவருடைய ஆபீஸ் நண்பர் வீட்டு நிக்காஹ். கல்யாணத்துக்குப் போட்ட ஷூவையே மாட்டிக்கொண்டு இவர் கிளம்பியதும், போகவே வேண்டாமே என்றேன் நான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அசல் தோல் என்று என் அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட ஷூ அது. உண்மையில் வெறும் ரெக்ஸின். அப்பாவால் முடிந்தது அவ்வளவுதான். கடைக்குக் கூடப் போன என்னிடம், "மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதம்மா" என்றார். அதைப் போட்டுக்கொண்டு ஊரே தோல் வேலை செய்கிற இடத்துக்கா? செருப்பு போட்டுக்கொள்ளுங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே!

சென்ட்ரலில் காலை ஆறரைக்கு ரயில். நூற்றெண்பது கிலோமீட்டர் சொச்சம். பத்தே முக்காலுக்கு ஆம்பூர். தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் குப்பென்று அடிக்கும், கால் மணி நேரத்தில் பழகிவிடும். ஜட்காவுக்கு ஒரு ரூபாய் கேட்டு, முக்காலுக்கு வந்தார்கள். வண்டிக்காரர் முதலில் இவர் காலைப் பார்த்தார், பிறகுதான் முகத்தை. டீக்கடையிலும் அதே கதை. திருட நோட்டம் விடுகிறார்கள் என்று இவர் என் காதில் முணுமுணுத்தார். எனக்கோ, திருடிக்கொண்டு போனால்கூடத் தேவலை என்றிருந்தது.

விருந்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிரியாணிக்குக் கத்தரிக்காய் தொட்டுக்கொள்வார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. ருசிக்க விட்டதா மனசு? சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தால், இவர் ஒற்றை ஷூவோடு நிற்கிறார். இன்னொன்று முப்பது வயது ஆள் ஒருவர் கையில். வளைத்தார், சுருக்கம் பார்த்தார், முகர்ந்தும் பார்த்துவிட்டார்.

"பேஜார் ஆவாதீங்க சார். தோல் தரம் பிரிக்கிற வேலை நமக்கு. கை சும்மா இருக்காது."

"மாமனார் போட்டது. எப்படி?" என்றார் இவர் பெருமையாக.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

"நல்ல சரக்கு சார். தண்ணி மட்டும் படாம பாத்துக்குங்க."

மூன்றரைக்கு வேலூர் பஸ். பள்ளிகொண்டா தாண்டும்வரை இவர் குனிந்து ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "அவரு உன்னப் பாத்துட்டுதானே சொன்னாரு? அப்ப உனக்கும் தெரியும்" என்றார்.  இவருக்கோ போட்ட முதல் நாளே கால் வேர்த்ததில் தெரிந்துவிட்டதாம். நான் வருத்தப்படக் கூடாதென்றுதான் விடாமல் போட்டுக்கொண்டிருந்தாராம். இந்த மனுஷனையா மூன்று வாரமாக ஏமாற்றினோம் என்று வெட்கமாகிவிட்டது.

"மாமாகிட்ட சொல்லிடாத" என்றார்.

ஆம்பூர் போகிறவர்கள் காலை ரயிலிலேயே போங்கள், மதியத்துக்குள் பிரியாணி தீர்ந்துவிடும். யாராவது உங்கள் காலையே உற்றுப் பார்த்தால் திருடன் என்று நினைக்காதீர்கள், அது அந்த ஊரின் குசல விசாரிப்பு.

அப்பா இருந்தவரை, வரும்போதெல்லாம் ஷூ உழைக்கிறதா என்று கேட்பார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அசல் தோலாச்சே மாமா" என்பார் இவர்.