ஸம்றாவின் மலைக்குடி

கல்முனைச் சந்தையில் ஸம்றா சிரித்தால் வீரமுனை வயலில் கொக்குகள் எழும்பிப் பறக்கும். பதுளைப் பக்கம் அரிசி ஏற்றிப்போன லொறிக்காரர் இன்ஸாப், மரக்கறி வாங்கப்போன இடத்தில் இந்தச் சிரிப்பைக் கண்டு, நிக்காஹ் முடித்துக் கூட்டிவந்துவிட்டார். மரக்கறியை மறந்தே போனார்.

ஸம்றாவின் முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். அந்தக் கறுப்பும் மவ்லிது ஓதும் பெரிய தொண்டையும் அவளிடம் ஒரு சொட்டும் குறையவில்லை. குறைந்தது குடி ஒன்றுதான். இந்தக் கரையில் முஸ்லிம்களுக்குத் தாய்வழியில் குடி என்ற குலப்பிரிவு உண்டு. ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. நிக்காஹ் அன்று குடியின் தலைவரான மரைக்கார் வந்து நிற்க வேண்டும். தாய் மலையிலிருந்து வந்தவள் என்றால் பிள்ளைக்கு ஏது குடி?

ஸம்றாவின் மகள் ஸப்னா வளர்ந்ததும், தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்த றபீக்கா, மூன்று துண்டு வட்டிலப்பத்தை முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"புள்ளைக்கு என்ன குடி ராத்தா?"

ஸம்றாவின் சிரிப்பு நின்றுபோனது. அன்று சந்தையில் மீன்கூட மெதுவாகத்தான் நாறியது.

நேரே பள்ளிவாசல் மீராசா மரைக்காரிடம் போனாள்.

"குடி எண்டா கடையில வாங்குற சாமானா மகள்? தாய்க்குத் தாயா ஒரு மூத்தும்மாட பேர் வேணும். அவட வழியில ஆக்கள் வேணும்."

"மூத்தும்மா இரிக்கா மாமா. நாச்சியா எண்டு பேர். அடிமையாச் சந்தையில விக்கப்பட்ட பொம்புள. விடுதலை கிடைச்ச அண்டைக்கே கடலுக்கு முதுகக் காட்டிட்டு மலையேறினவ. அவ கட்டின பள்ளியிலதான் எங்கட ஆக்கள் இண்டைக்கும் தொழுறாங்க."

"ஆக்கள் எங்க?"

"நாளைக்குப் பாருங்க."

மறுநாள் காலை பள்ளிவாசல் முன்னால் ஒரு பஸ் மூச்சிரைத்து நின்றது. ஐம்பது பேர் இருக்கும் பஸ்ஸில் நூற்றைம்பது பேர். மலையின் அத்தனை வளைவிலும் ஸலவாத்துப் பாடி வந்திருந்தார்கள். எதிரே வந்த லொறிகள் எல்லாம் பெருநாள்தான் வருகிறதென்று ஒதுங்கி வழிவிட்டனவாம். இறங்கிய பெண்கள் ஒவ்வொருத்தியும் அச்சாக ஸம்றா. கையில் ஒரு முட்டைக்கோவா, இடுப்பில் ஒரு பிள்ளை.

மீராசாவின் தொப்பி நழுவியது. "இவ்வளவும் ஒரு மூத்தும்மாட ஆக்களா?"

"பாதிதான் மாமா. மத்தப் பாதிக்கு பஸ்ஸில இடமில்ல."

"போதும் மகள், போதும்! பள்ளி தாங்காது. இண்டையிலிருந்து நீங்க மலைக்குடி. உங்களுக்குள்ளேயே ஒரு மரைக்காரத் தெரிஞ்செடுங்க."

றபீக்காவுக்குச் சந்தோசம் பாதி, பயம் பாதி. "கலியாணத்துக்கும் இவ்வளவு பேரா ராத்தா?"

"சீச்சீ! கலியாணத்துக்கு மிச்சப் பேரும் வருவாங்க மச்சி."

நிக்காஹ் அன்று ஊர் மரைக்கார்மாரின் வரிசையில் மலைக்குடி மரைக்காராக ஸம்றாவின் அண்ணன் நிப்றாஸ் காக்காவும் உட்கார்ந்தார். கல்முனை வெயிலில், மலைக்குளிருக்குப் பின்னிய கம்பளிச் சட்டையோடு, வேர்த்து ஊற்ற ஊற்ற, கழற்றவே மாட்டேன் என்று.