தாலின்ஸ்கி ராயோன் அங்கமுத்து

இதை எழுதுகிறவன் அங்கமுத்துவை முதன்முதலில் பார்த்தது 1975 பிப்ரவரியில், கனடாவில், டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரங்கள் இருந்த அறையில். உள்ளே சுழன்றுகொண்டிருந்த துணிக்குக் காவலாக உட்கார்ந்து, மடியில் ஒரு ருஷ்ய வரைபடத்தை விரித்து வைத்திருந்தான். கண்ணாடி வழியே ஒரு லுங்கி தெரிந்ததால், தமிழா என்று கேட்டதற்குத் தலையாட்டினான். எந்த ஊர் என்று கேட்டதும் முகம் இறுகிவிட்டது. வரைபடத்தில் விரலை ஊன்றி, "இப்போதைக்கு இந்த ஊர்" என்றான். விரல் நின்ற இடம் தெற்கு சைபீரியா. ஆள் குசும்பு பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு திரும்பியாயிற்று. குசும்பு இல்லை என்று புரிய மே மாதம் ஆயிற்று.

உலகத்து ஊர்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கி மூன்று தொகுதிகளாக வெளியிடப்போவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு பதிப்பகத்தில் அவனுக்கு வேலை. புவியியலில் எம்.ஏ., முதல் வகுப்பு. ருஷ்ய மொழியும் தெரியும். மதராஸில் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் மாலை வகுப்பில் கற்றுக்கொண்டது. அங்கே தேநீரும் பிஸ்கட்டும் தருவார்கள், ஹாஸ்டலில் சாயங்காலத்துக்கு ஒன்றும் கிடையாது, வயிற்றுக்காகப் படித்த மொழிதான் சோறு போடுகிறது என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்.

ஆனால் கனடா வந்ததும் சோறு போட்டது ருஷ்ய மொழி இல்லை. நகரின் மேற்கே, மாடுகளை அடைத்து வைத்து வெட்டும் பகுதியில், ஒரு நிலவறை. மேலே உரித்த தோல் சூடு ஆறாமல் கீழே வந்து விழும். அதை விரித்து, ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுரண்டி, உப்பை வாரி இறைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இரண்டு வருஷம் அதைச் செய்தான். சோப்பு எத்தனை போட்டாலும் நகக்கண்ணில் அந்த நாற்றம் நின்றது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய் நின்றுகொள்வார்கள்.

நாற்றம்கூட அவனுக்குப் பெரிதில்லை. திருக்கோவிலூர் தாலுகாவில் அவன் பிறந்த கிராமத்தில், ஊராரின் தொழுவத்தில் மாடு செத்தால் இழுத்துக்கொண்டு போய் உரிப்பது அவன் அப்பாவின் வேலை. மகன் கைக்கு அந்தக் கத்தி வரக்கூடாது என்றுதான் பள்ளிக்கூடம், ஹாஸ்டல், எம்.ஏ. எல்லாம். அவ்வளவும் முடித்து விமானம் ஏறி வந்தவன் கையில் கனடாவும் அதே தோலைத்தான் கொடுத்தது. தகப்பனுக்கு எழுதும்போது, ஆபீசில் வேலை என்று எழுதினான்.

பதிப்பக வேலை கிடைத்தபோது அது பொய் இல்லாமல் ஆயிற்று. ஆனால் அது ஜூன் கடைசி வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஒரே ஒரு நிரந்தர இடம். யாருக்கு என்று சொல்ல வேண்டியவர் ஆசியப் பிரிவின் ஆசிரியர் டாக்டர் ஏகாம்பரம். காஞ்சிபுரத்துக்காரர், லண்டனில் பட்டம் வாங்கியவர், வெக்ஸ்போர்டில் சொந்த வீடு. அவர் தலையாட்டினால் நாற்காலி. இல்லையென்றால் நிலவறை. அங்கமுத்து இதைத் தூக்கத்திலும் மறந்ததில்லை.

அவனுக்கு ஒதுக்கியது தெற்கு சைபீரியாவின் கிராமப்புற மாவட்டங்கள். அதில் அவன் மனம் போய் மாட்டிக்கொண்டது தாலின்ஸ்கி ராயோன். அங்கே கிராய் என்றால் பெரிய மாகாணம், ஒரு தேசத்தையே உள்ளே வைத்துத் தைத்துவிடலாம். அதற்குள் ராயோன், நம் தாலுகா மாதிரி. அதற்கும் கீழே கிராம சோவியத், நாலைந்து ஊரைச் சேர்த்து ஒரு பஞ்சாயத்து. தாலின்ஸ்கி ராயோனில் பட்டணம் என்று ஒன்றுகூடக் கிடையாது. தலைமையிடமே கமிஷோவ்கா என்ற கிராமம்தான். ரயில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் வண்டிப் பயணம். மரம் இல்லாத புல்வெளி, இடையிடையே திட்டுத் திட்டாக வெள்ளைப் பட்டை மரங்கள், வெளியே போக வழியில்லாமல் ஆற்று நீர் வந்து தேங்கி உப்பாகிப்போன ஏரிகள். கோடையில் அந்த ஏரிச் சேறு அழுகிய முட்டை மாதிரி நாறுமாம். உழக்கூடாத மண்ணையெல்லாம் மேலிடத்து உத்தரவுப்படி உழுது போட்டதில், மேல்மண் புழுதியாகக் கிளம்பிப் பக்கத்து ராயோனில் போய் விழுந்ததாம்.

1963-ல் எங்கேயோ ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டு இந்த ராயோனையே கலைத்துவிட்டார். கிராமங்களை இரண்டாகக் கிழித்து அண்டை ராயோன்களுக்குக் கொடுத்தாயிற்று. இரண்டு வருஷம் கழித்து வேறோர் அதிகாரி கையெழுத்துப் போட்டார், ராயோன் திரும்ப உயிர் பெற்றது, இரண்டு கிராம சோவியத்துகளை மட்டும் திருப்பித் தரவில்லை. அங்கே கோதுமை விதைத்துக்கொண்டிருந்தவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அங்கமுத்துவுக்கு இதைச் சொல்லும்போதே உதடு கோணும். அவன் படித்த அரசாங்கக் கைந்நூல்களில் பால் பெருகியது, கம்பளி பெருகியது, மகிழ்ச்சி பெருகியது என்று பக்கம் பக்கமாக இருந்தது. அந்த ஜனங்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்பதைப் பற்றி மூச்சு இல்லை. அதைத் தேடிப் பிடித்தது வேறு நூல்களில். பாதிப் பேர் 1941-ல் வால்கா ஆற்றங்கரையிலிருந்து ஆடுமாடு போல ரயிலில் அடைத்துக் கொண்டுவந்து இறக்கிவிடப்பட்ட ஜெர்மானியர்கள். கைந்நூல் எழுதினவனின் வாயைக் கழுவ வேண்டும் என்று திட்டிக்கொண்டே, தன் குறிப்பில் அதை ஒரு வரியாக எழுதிச் சேர்த்தான்.

டாக்டர் ஏகாம்பரம் அந்த ஒரு வரியை மட்டும் சிவப்பில் அடித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். கோபமாக இல்லை, சிரித்த முகமாகவே பேசினார். எல்லை, பரப்பு, தலைமையிடம், எத்தனை கிராம சோவியத், இவ்வளவு போதும் என்றார். பிறகு பேனாவை மூடியபடி, "எந்த ஜனம் எங்கேருந்து வந்ததுன்னு யாருப்பா கேக்கப் போறாங்க? நாகரிகமான புஸ்தகம் இது" என்றார்.

அங்கமுத்து சரி சார் என்று வந்துவிட்டான். நாற்காலி கண்முன்னே நின்றது.

அதே டாக்டர் வீட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழர்கள் கூடுவார்கள். சாம்பார் சாதம், அப்பளம், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஊறுகாய், ஒரு மணி நேரம் அரசியல். அங்கமுத்துவையும் கூப்பிட்டார்கள். முதல் தடவை போனபோதே அவன் கண்ணில் பட்டது குவளை. சிலருக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது, சிலருக்குக் காகிதக் குவளையில். பாத்திரம் போதவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தான். இரண்டாவது தடவை கணக்குப் புரிந்துவிட்டது. எந்தத் தெரு என்று தெரிந்தவர்களுக்கு டம்ளர். இன்னும் தெரியாதவர்களுக்கும், தெரிந்து சரிப்படாதவர்களுக்கும் காகிதம். குடித்துவிட்டுக் குப்பையில் போட்டால் தீட்டும் கூடவே போய்விடும். இங்கே தேய்த்துக் கழுவ வேலைக்காரி கூட வேண்டாம். டாக்டரின் மனைவி வசுமதி அந்தக் குவளையை நீட்டும்போது அவ்வளவு இனிமையாகச் சிரிப்பார்.

கேள்வியும் ஒரேயடியாக வராது, படிப்படியாக இறங்கும். எந்த ஜில்லா? தென்னாற்காடு. அடடே, எந்தத் தாலுகா? திருக்கோவிலூர் பக்கம். பக்கம் என்றால்? டாக்டரின் மாமனார் அந்தத் தாலுகாவில்தான் தாசில்தாராக இருந்தவர், பெரும்பாலான கிராமம் டாக்டருக்கு அத்துப்படி. ஒவ்வொரு தடவையும் அங்கமுத்து ஒரு படி மேலேயே நின்று சமாளித்து வந்தான். இருமுவான், அப்பளம் கேட்பான், காரை நகர்த்த வேண்டும் என்று குணநாயகத்தை இழுத்துக்கொண்டு வெளியே போவான்.

குணநாயகம் அவனுடன் அறையைப் பகிர்ந்துகொண்ட யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர். சாதுவான மனிதர், பழைய கார் ஒன்று வைத்திருந்தார். மே மாதக் கூட்டத்துக்குப் போகிற வழியில் புத்தி சொல்லிக்கொண்டே ஓட்டினார். வேலை முடிவாகிற நேரம், இன்றைக்கு டாக்டர் விடமாட்டார், ஏதாவது ஒரு நல்ல தெருப் பெயரைச் சொல்லித் தொலைத்துவிடு என்றார்.

"மேலத்தெரு எண்டு சொல்லும் ஐசே. உவர் என்ன, பிளேன் எடுத்துப் போய்ப் பாக்கப் போறாரே?"

"உங்க ஆளுங்க இப்படிக் கேக்க மாட்டாங்களாண்ணே?"

குணநாயகம் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "ஓம், கேப்பினம். இன்னும் கொஞ்சம் சுத்தி வளைச்சுக் கேப்பினம். நானும் கேட்டிருக்கிறன்" என்றார்.

மேலத்தெரு என்று சொல்லிவிடுவது என்று அங்கமுத்து முடிவு செய்துகொண்டான். வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது மனதுக்குள் ஒரு தடவை சொல்லியும் பார்த்தான். கோணலாக இல்லை, சுலபமாகத்தான் வந்தது.

அன்றைக்குக் கூட்டம் அதிகம். சாப்பாடு முடிந்து காபி வந்தது, அவனுக்குக் காகிதம். டாக்டர் மிகவும் குஷியாக இருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, இந்தத் தம்பிதான் நம்ம சைபீரியா நிபுணர் என்று முதுகில் தட்டி அறிமுகம் செய்துவைத்தார். கூடிய சீக்கிரம் நல்ல செய்தி வரும் என்றும் சொன்னார். சிலர் கை கொடுத்தார்கள். அங்கமுத்துவின் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த ஒரு நிமிஷம் அவர்மேல் அவனுக்கு இருந்த கசப்பெல்லாம் கரைந்துதான் போயிருந்தது. அப்போதுதான் டாக்டர் அருகில் வந்து உட்கார்ந்து, தொடையில் கைவைத்து, குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார்.

"கிராமத்தோட பேரை இன்னும் சொல்லலியே நீ."

அங்கமுத்து சொன்னான். டாக்டரின் முகம் மலர்ந்தது. ஏரி இருக்குமே, பெரிய ஏரி, மாமனாருடன் ஜீப்பில் போயிருக்கிறேன் என்றார்.

"அங்க எங்கே? ஊருக்குள்ளயா, வெளியிலயா?"

மேலத்தெரு நாக்கு நுனியில் இருந்தது. வசுமதி டம்ளர்களை அடுக்கிய தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பதில் வந்த பிறகு நகரலாம் என்று நின்றது போல இருந்தது. அங்கமுத்துவுக்கு வாயில் உப்பும் கொழுப்பும் கரைந்தது மாதிரி ஒரு ருசி வந்தது. நிலவறையில்கூட வராத ருசி.

"எந்த ஜனம் எங்கேருந்து வந்ததுன்னு யாரு கேக்கப் போறாங்கன்னு ஆபீஸ்ல சொன்னீங்களே சார்" என்றான். குரல் அவனை அறியாமல் உயர்ந்துவிட்டது, அறை முழுக்கக் கேட்டது. "அந்த ஜெர்மன்காரங்களைப் பத்தி ஒரு வரி எழுதினா அநாகரிகம். என்னைப் பத்தி மட்டும் வரப்பு வரைக்கும் அளந்தாகணுமா?"

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். சும்மா ஒரு ஊர்ப்பாசத்தில் கேட்டது, இதை ஏன் பெரிசு பண்ற என்றார்.

"பெரிசு பண்ணலை சார். நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்றேன். வெளியில. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், காலனி. உங்க மாமனார் ஜீப்பு அங்க வந்திருக்காது. ஊர்ல மாடு செத்தா எங்கப்பாவைத்தான் கூப்பிடுவாங்க."

வசுமதி தட்டோடு சமையலறைக்குள் போய்விட்டார். மூலையில் இருந்த ஒருவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பக்கத்திலிருந்தவரிடம் விசாரிக்க ஆரம்பித்தார். இதுவரை ஹாக்கி என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். படித்தவர்கள், பொறியாளர்கள், பேராசிரியர்கள், ஒருத்தர்கூட டாக்டரின் முகத்தைப் பார்த்து, இது என்ன கேள்வி என்று கேட்கவில்லை. அங்கமுத்து காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தான். கட்டடத்தின் வாசலில் காரிலிருந்து இறங்கும்போது குணநாயகம், நான் அங்கே ஏதும் கதைச்சிருக்க வேணும் தம்பி என்றார். அங்கமுத்து கார்க் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனான்.

திங்கட்கிழமை டாக்டர் அவனிடம் முன்னைவிட மரியாதையாகப் பேசினார். நீ என்பது போய் நீங்கள் ஆகிவிட்டது. தான் ஜாதி பார்க்கிற ஆளே இல்லை என்றும், வீட்டில் யார் வந்தாலும் சாப்பாடு போடுகிறோம் என்றும் சொன்னார். ஜூனில் நிரந்தர இடம் ஹைதராபாதிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞனுக்குப் போயிற்று. ருஷ்ய மொழியில் அவனுக்கு ஓர் எழுத்துத் தெரியாது. ஏன் என்று அங்கமுத்து கேட்டான். மொழி கற்றுக்கொள்ளலாம், ஆபீசில் எல்லோருடனும் ஒத்துப்போகிற சுபாவம்தான் முக்கியம் என்று பதில் வந்தது. சொன்னவர் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வருஷக் குளிர்காலம் முழுவதும் அங்கமுத்து நிலவறையில் தோலுக்கு உப்புப் போட்டான். தகப்பனுக்கு இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதினான். கூட ஒரு ஃபோட்டோவும் வைத்தான், ரப்பர் ஏப்ரனும் கையில் சுரண்டு கத்தியுமாக. மூன்று தொகுதிகளில் முதலாவது மறுவருஷம் வெளிவந்தது. கடைசித் தொகுதியில் தாலின்ஸ்கி ராயோன் வந்தது. எல்லை, பரப்பு, தலைமையிடம் கமிஷோவ்கா, கிராம சோவியத்துகளின் எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தன. ஜனங்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் மாதிரி இருந்தது.

இப்போது 1979. அங்கமுத்து வோபர்னில், புதிதாக எழும் வீட்டுமனைகளை அளந்து கொடுக்கும் ஒரு சிறிய நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறான். டோர்செட் பார்க்கிலேயே, அதே கட்டடத்தில், தனியாக ஓர் அறை எடுத்திருக்கிறான். டாக்டர் ஏகாம்பரம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்கிறது. அவன் போவதில்லை.