நீலக் கதவுக்குள் ஓர் உள்ளூர்க்காரர்

அந்தத் தீவில் மோட்டாரைத் தெரியாதவர்கள் கிடையாது. படகு இன்ஜின்களைப் பழுது பார்க்கிறவர், அதனால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட மனுஷனை மீனவராக்கி மூலையில் உட்கார வைத்தது ஒரு வலை.

யாருடைய படகோ, அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. மோட்டார் அதை அறுத்தெடுத்து வந்து, வீட்டு வாசலில் மடியில் போட்டு, சனியனே சனியனே என்று திட்டியபடி சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. வழி தவறிச் சந்துக்குள் வந்த ஒரு பெண், தோளில் பையும் கையில் போனுமாக நனைந்துகொண்டு நின்றாள். "உள்ள வாம்மா, செருப்பெல்லாம் பரவாயில்ல" என்று கூப்பிட்டு டீ கொடுத்தார். மனுஷன் செய்த குற்றம் இவ்வளவுதான்.

அந்த மகராசி ஊருக்குப் போய் இன்டர்நெட்டில் எழுதிப் போட்டுவிட்டாள். தீவு பார்க்கப் போகிறவர்களுக்கு யோசனை சொல்கிறாளாம். பெரிய கடற்கரைக்குப் போகாதீர்கள், அங்கே உங்களைப் போன்றவர்கள்தான் இருப்பார்கள். படகுத்துறைக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் நீலக் கதவு போட்ட வீடு. முன்கூட்டிச் சொல்லாதீர்கள், சும்மா எட்டிப் பாருங்கள். வலை பின்னும் மீனவ மாமா ஒருவர் இருப்பார், அவரே கூப்பிடுவார். தீவை உள்ளூர்க்காரர்களைப் போலப் பார்க்க அதுதான் வழி.

எட்டிப் பார்த்தார்கள். முதலில் ஒருவர் இருவர், அப்புறம் படகு படகாக.

மோட்டாரின் மச்சான், அதாவது வீட்டுக்காரியின் அண்ணன், தீவில் தங்கும் விடுதி நடத்துகிறவர். மோட்டார் குடியிருக்கிற வீடும் அவருடையதுதான். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்தது. ஒரு நாள் வந்து, சுவரோரம் கிடந்த இன்ஜின்களைக் கண்டு மூக்கைப் பொத்தினார்.

"மாப்ள, இந்த எண்ணெய் நாத்தத்த வேற எங்கயாவது அனுப்பிடுங்க. போட்டோல நல்லாவே இல்ல."

இன்ஜின்கள் போயின. கூடவே வேலையும் வேறொருவர் கைக்குப் போனது. பதிலுக்கு ஒரு வலை வந்தது. மோட்டாருக்கு வலை பின்னத் தெரிந்தால்தானே! ஒரே ஓட்டையைப் பகலெல்லாம் முடிச்சுப் போட்டு அடைப்பார், சாயங்காலம் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார். மறுநாளும் ஓட்டை வேண்டுமே. வீட்டுக்காரி டிவியைப் போர்வை போட்டு மூடினாள். பகலில் கதவைச் சாத்தக்கூடாது, மச்சான் உத்தரவு. சோற்றில் கை வைத்தால் யாராவது தலையை நீட்டுவார்கள். ஆசைக்கு ஒரு நல்ல சட்டை போட்டால், "பழைய பனியன்ல இருப்பீங்களே மாமா, அதான் அழகு" என்பார்கள். சொந்த வீட்டில் வேஷம் கட்டி உட்கார்ந்திருப்பது என்ன பிழைப்பு? மூச்சு முட்டியது அவருக்கு. போங்கய்யா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஆனால் இருப்பது மச்சான் வீடு. தவிர, வாசலில் வந்து நிற்கிற முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அந்த வாய்க்கு எப்போதுமே வராது.

இந்த லட்சணத்தில்தான் அக்கரையில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியை ஒரு தடவை மடியில் போட்டுப் பார்த்துவிட வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை அவர். "நாளைக்குப் போங்களேன் மாப்ள, இன்னிக்கு வர்றவங்க உங்களுக்காகவே வர்றாங்க" என்பார் மச்சான். நாளை வரும், அதோடு இன்னொரு கூட்டமும் வரும். மகள் போனில் கேட்பாள், எப்பப்பா வர்றீங்க என்று.

"இதோ கிளம்பிட்டேம்மா."

"இந்த இதோவக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சுப்பா."

ஒரு நாள் காலை மச்சானிடம் மூச்சு விடாமல், நீலக் கதவைப் பூட்டி, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, குழந்தைக்கு வாங்கிய கவுனைப் பையில் வைத்து, வீட்டுக்காரியோடு படகுத்துறைக்குப் போய்விட்டார். படகு வந்து நின்றது. இறங்கினவர்களில் ஒருவன் கையிலிருந்த போனைப் பார்த்தான், இவரைப் பார்த்தான்.

"நீங்கதானே நீலக் கதவு மாமா? எங்கயோ கிளம்பிட்டீங்க போல. உங்கள நம்பித்தானே இவ்வளவு தூரம் வந்தோம்."

பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? தொண்டை வரைக்கும் வந்தது. "அட, நான் எங்க போறேன், இவள ஏத்திவிட வந்தேன்" என்றது வாய்.

வீட்டுக்காரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சாவியை அவர் கையில் வைத்தாள், பையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள். இவர் முன்னால் நடந்து வழி காட்ட, கூட்டம் பின்னால் வந்தது. படகு கிளம்பும் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நடுத்தெருவில் அழுதிருப்பார்.

வீட்டுக்காரி மகளோடு அங்கேயே தங்கிவிட்டாள். டீயையும் இவரே போட்டார். அப்படியே வாரங்கள் ஓடின. ஒரு மத்தியானம் பெஞ்சில் சில பேர் உட்கார்ந்திருந்தார்கள், இவர் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் தட்டியது. தலையைக்கூடத் தூக்கவில்லை.

"உள்ள வாங்க, செருப்பெல்லாம் பரவாயில்ல" என்றார், வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கும் அந்தச் சிரிப்போடு.

"நான்தாம்பா."

மகள். கையில் குழந்தை. பின்னால் வீட்டுக்காரி.

"நீங்க வர்ற மாதிரி தெரியல. அதான் நாங்களே வந்துட்டோம்."

வலையைத் தூக்கி ஓரமாக எறிந்தார். மகள் குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள். அது கையைத் துழாவி அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. அடி என் தங்கமே என்றார். கண் நிறைந்து வழிந்தது. இத்தனை நாள் அடைத்துக் கிடந்த நெஞ்சு அப்போதுதான் லேசானது.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் போனைத் தூக்கிவிட்டார்கள்.

"மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. வலையும் சேர்ந்து விழட்டும்."

மகள் சட்டென்று துணியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.

"அப்பா, இவங்களப் போகச் சொல்லுங்க."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். வீட்டுக்காரியும் பார்த்தாள்.

"டீ குடிச்சிட்டுக் கிளம்பிடுவாங்கம்மா" என்றார்.

மகள் பிஞ்சு விரல்களை அவர் விரலிலிருந்து பிரித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். வீட்டுக்காரியும் பின்னாலேயே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் பகலில் கதவு சாத்தி எவ்வளவோ நாளாகியிருந்தது.

"நாங்க தப்பான நேரத்துல வந்துட்டோமா மாமா?" என்றான் ஒருவன்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீங்க உட்காருங்க" என்று சொல்லிக்கொண்டே, ஓரமாகக் கிடந்த வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.