பவழமல்லிக்கு விரித்த வேட்டி

நேற்று எங்கள் தெருவுக்கு இரும்பு உருக்கும் கம்பெனிக்காரர்கள் வந்து, வீட்டுக்கு ஒரு மரக்கன்று கொடுத்துவிட்டுப் போனார்கள். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். வெட்கமில்லாமல் நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே வந்து பார்த்தால் பவழமல்லி. எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல! கொடுப்பதற்கு வேறு செடியா கிடைக்கவில்லை இவர்களுக்கு?

உங்களுக்குத் தெரிந்திருக்கும், தரையில் விழுந்ததை எடுத்துச் சாமிக்கு வைக்கலாம் என்றால் அது இந்தப் பூதான். கும்மிடிப்பூண்டியில் இதே வீட்டின் கிணற்றடியில் அம்மா ஒரு மரம் வைத்திருந்தாள். சாயங்காலம் விளக்கேற்றியதும் அப்பாவின் பழைய வேட்டியை அதனடியில் விரித்து, மூலைக்கு ஒரு கல் வைப்பாள். விடிந்ததும் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத் தூக்குவோம். பூவெல்லாம் நடுவில் வந்து குவியும். தூக்கக் கலக்கத்தில் என் முனையை நழுவவிட்டுத் திட்டு வாங்காத நாள் குறைவு. காம்பைக் கசக்கி நகத்தில் காவி பூசிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன்.

அப்புறம் பக்கத்தில் இந்தக் கம்பெனியின் புகைபோக்கி எழும்பியது. ஒருநாள் வேட்டியைத் தூக்கினால் பூவோடு கரித்தூளும் குவிந்தது. ஊதினோம், உதறினோம், தண்ணீரில் அலசினோம். அந்த மெல்லிய பூ தாங்குமா? கூழாகிவிட்டது. அம்மா வேட்டியைச் சுருட்டிக்கொண்டு நேரே கம்பெனி வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஆபீசர் ஒருவர் வந்து பார்த்தார்.

"கீழ உழுந்தத ஏம்மா பொறுக்குறீங்க? மரத்துலயே பறிச்சிக்கினா சுத்தமா இருக்குமே?"

"இது பறிக்கிற பூ இல்ல சார். தானா உழணும். உங்க கரிய வேற எங்கனா உழச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. எங்கள் வீட்டுப் பூ சாமியிடம் எப்படிப் போக வேண்டும் என்று சொல்ல இவர் யார்?

அம்மா அதற்குப் பிறகும் கொஞ்சகாலம் பிடிவாதமாக விரித்தாள். பிறகு சாமந்தி வாங்க ஆரம்பித்தாள். மரம் இன்னும் நிற்கிறது, பூக்கவும் செய்கிறது. காலையில் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறோம்.

கன்றை அம்மாவிடம் கொடுத்தேன். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. சொரசொரவென்ற இலையைத் தடவியே கண்டுபிடித்துவிட்டாள்.

"இத்த இன்னாத்துக்குடா குட்த்தாங்க?"

"நட்டு வளக்கச் சொல்றாங்கம்மா."

"மரந்தான் நம்ம ஊட்லயே கீதே. விரிச்ச வேட்டி விடிஞ்சா வெள்ளையா இருக்கணும். அத்தக் குடுப்பாங்களான்னு கேட்டியா?"