வராத தண்ணீருக்கு ஒரு தேதி

நல்லது நடந்தால் எம்.எல்.ஏ. செய்தார், கெட்டது நடந்தால் அவருடைய உதவியாளன் செய்தான்: எங்கள் தொழில் இவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி அந்த உதவியாளன் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அடுத்தவர் நிகழ்ச்சிக்குத் தேதி கொடுத்துத் தூக்கம் கெட்ட அன்பர்களே, இது உங்களுக்காக.

குழாய் திறப்பு

முதல் கதை நான் பார்த்ததல்ல. டிரைவர் சேவியர் அண்ணன் சொன்னது. அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். ஓர் ஊரில் குடிநீர்த் தொட்டி திறப்பு விழா. எங்கள் எம்.எல்.ஏ. ஐயா ரிப்பனை வெட்டி, குடத்தை வைத்து, குழாயைத் திறந்தார். காற்று வந்தது. இன்னும் கொஞ்சம் திருகினார். பல்லி வந்தது. அன்று முதல் எங்கள் அலுவலகத்தில் ஒரே சட்டம்: இடத்தை நேரில் பார்க்காமல் தேதி கொடுக்கக் கூடாது. அந்த விழாவுக்குத் தேதி கொடுத்த பழைய உதவியாளர் இப்போது செல்போன் கடையில் இருக்கிறார்.

கூட்டத்திலிருந்த ஓர் அம்மா ஐயாவைத் தேற்றினாராம்: "பரவாயில்லங்க, நீங்க வந்ததே எங்களுக்குக் குளுமைதான்."

பூ தூவ அழைப்பு

புதுத் தண்ணீர் வந்தால் பூவும் நெல்லும் தூவி வரவேற்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாய்க்கால் முடிகிற கடைமடையிலிருந்து ஆரோக்கியமேரி அக்கா ஊர்க்காரர்களோடு வந்தார். அவருடைய அம்மா ஊரார் வயலில் நாற்று நட்டவர். அக்காவுக்குச் சொந்த வயல். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வருதுங்க தம்பி. ஐயா வந்து பூ தூவணும்" என்றார். நான் அணைக்குப் பக்கத்துப் பூதலூர்க்காரன். மேலே அணையைத் திறந்தால் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடும். எல்லா ஊருக்கும் அப்படித்தான் என்று நம்பித் தேதி கொடுத்தேன். ஐயா பத்திரிகைக்காரர்களையும் அழைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மதியம்தான் அலுவலகச் சட்டம் நினைவுக்கு வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வாய்க்காலுக்குள் ஆடுகள் படுத்திருந்தன. பக்கத்தில் அக்காவின் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. நாற்று நுனியெல்லாம் மஞ்சள். இன்னும் ஓரிரு நாளில் கருகிவிடும்.

"தண்ணி எங்கக்கா?" என்றேன். எனக்கு வேலை போகிற பயம், அவருக்கு நாற்று போகிற பயம். ஆனால் நிதானமாக இருந்தது அவர்தான். "அதான் தேதி குடுத்துட்டீங்கல்ல தம்பி. இனிமே வந்துதான ஆவணும்."

ஐயாவின் போன்

மறைக்காமல் ஐயாவிடம் போய்ச் சொன்னேன்.

"பாத்துட்டுதானே தேதி குடுத்தே?"

"இல்லீங்கய்யா. குடுத்துட்டுதான் பாத்தேன்."

என்னைச் செல்போன் கடையில் உட்காரவைத்துப் பார்ப்பதுபோல் சற்று நேரம் பார்த்தார். பிறகு பாசனப் பொறியாளருக்குப் போன் போட்டார். மேல் ஊர்களுக்குத் தண்ணீர் போகும் ஷட்டரை இறக்கி அடைத்து, கடைமடைக்குத் தண்ணீர் விட இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றது மறுமுனை. ஐயா குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கேமராக்காரங்களோட வாய்க்கால்ல நிப்பேன். கையில பூ இருக்கும். தண்ணி வந்தா தண்ணிக்குப் போடுவேன். வரலைன்னா மாலையாக் கட்டி உங்களுக்குப் போட்டுடுவேன்."

வெள்ளிக்கிழமை

ஆடுகளை விரட்டிவிட்டுக் கரையில் நின்றோம். பத்து மணி தாண்டியது. ஐயா பூத்தட்டைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அப்போதுதான் வளைவில் நுரை தெரிந்தது. பிளாஸ்டிக் டம்ளரையும் ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. ஐயா செருப்பின் மேல் முதல் பூவைப் போட்டார். எல்லோரும் போட்டோவுக்கு நிற்க, அக்கா மட்டும் மண்வெட்டியோடு மடையை வெட்டி நாற்றங்காலுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சந்தோஷமாம்மா?" என்றார் ஐயா.

"சந்தோஷங்க. அறுப்புக்குள்ள இன்னும் ரெண்டு வாட்டி பூ தூவ வேண்டியிருக்கும். தேதிய நான் தம்பிகிட்டயே வாங்கிக்கிறேன்."

பிறகு ஊரில் விசாரித்துப் பார்த்தேன்: போன தேர்தலில் எங்களிடம் தோற்ற எதிர்க்கட்சியின் முன்னாள் எம்.எல்.ஏ.வும், பதவியில் இருந்தபோது அக்கா அழைத்துத்தான், ஆடு படுத்திருந்த அதே வாய்க்காலுக்குப் பூத்தட்டோடு வந்து, தானே தண்ணீர் கொண்டுவந்ததாக நம்பிப் போயிருக்கிறார்.